அறுபத்தொன்றாம் ஏடு

அகராதித் துறையில் இப்போது பணியாற்றும் அன்பர்கள், தங்கள் இதழுக்காக என் பணிக்கால அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். சுவையான நிகழ்ச்சிகளாக இருந்தால் நலம் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். என்னிடம் உள்ளது ஒரே நிகழ்ச்சி. அது சுவையானதன்று. சென்ற ஆண்டு அதே அலுவலகத்திலிருந்து வேறொரு கடிதம் வந்தது. 'அரிபடா' என்னும் பெயரடைக்கு ஒரே ஒரு மேற்கோள்தான் கிடைக்கிறது, அதன் மூல ஏடு எங்கே இருக்கிறது என்று அதில் கேட்டிருந்தார்கள். அதற்கு நான் எழுதிய விடையையும், அவர்கள் அனுப்பிய மறுமொழியையும் முடிவில் சொல்கிறேன்.

சுதந்திரம் வந்து மூன்றோ நான்கோ ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் திருவாடானைப் பக்கத்துக்காரன். பதிகங்களைப் பாடிப் பாடியே தமிழ் கற்று, வித்துவான் தேர்வில் தேறி, எந்தப் பள்ளியிலும் நிலைக்காமல் இருந்தேன். இராமநாதபுரத்தில் கிரேக்கத்திலிருந்து தமிழுக்கு ஒரு கவிதைச் சொல்லகராதி தொகுத்துக்கொண்டிருந்த துறவி ஒருவர் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஆறு மாதம் கிரேக்க எழுத்துகளைச் சிலேட்டில் எழுதினேன். அடுத்த ஆறு மாதம் பூச்சியரித்த ஏடுகளைத் துடைத்தேன். பயிற்சி அவ்வளவுதான்.

துறவியின் பெயர் சவரிராய அடிகள். தெற்கே கடற்கரையில் பிறந்த தமிழர். இளமையில் உரோமாபுரிக்குச் சென்று படித்தவர். ஊரார் அவரைச் 'சாமி' என்றார்கள். இராமநாதரைத் தவிர வேறொருவரை அவ்வாறு அழைக்க என் நாவு இணங்கவில்லை. நான் 'ஐயா' என்றேன். காரணம் அவருக்குத் தெரியும். ஒருநாள் சிரித்துக்கொண்டே, "உங்க ஊர்ப்பக்கம் தகப்பனாரை அய்யாம்பாங்க. சாமியைவிடப் பெரிய பதவிதான் புலவரே, எனக்குச் சம்மதம்" என்றார்.

அலுவலகத்தில் மூன்றாமவர் நெய்னா முகம்மது. கீழக்கரைக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவருடைய முன்னோர் மரக்கலம் செலுத்தியவர்கள். அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ் ஏடுகளைப் படிப்பார். கடற்கரைச் சிற்றூர் ஒவ்வொன்றின் பேச்சும் அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நண்பகலில் அவர் பள்ளிவாசலுக்குப் புறப்படுவார். மாதா கோயில் மணி அடித்தால் அடிகள் எழுந்து நிற்பார். மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் நான் திருநீறு பூசிக்கொண்டு கிளம்புவேன். "ஆண்டவரைப் பாக்க மூணு வாசலுக்கு லீவு குடுக்கிற ஆபீசு இது ஒண்ணுதேன்" என்பார் நெய்னா.

வேலை முறையை விளக்க வேண்டும். ஏனெனில் நடந்ததெல்லாம் அம்முறைக்குள்தான் நடந்தது. ஒவ்வொரு கிரேக்கப் பெயரடைக்கும் மூன்று சீட்டுகள். வெள்ளைச் சீட்டில், அச்சொல் கிரேக்கக் காவியங்களில் எங்கெங்கே வருகிறதென்று அடிகள் எழுதுவார். மஞ்சள் சீட்டில், அதற்கு நிகரான தமிழ்ச்சொல்லைப் பழைய செய்யுள் மேற்கோளுடன் நான் எழுத வேண்டும். பழுப்புச் சீட்டில், அக்கருத்து மக்கள் பேச்சில் எவ்வாறு வழங்குகிறதென்று நெய்னா எழுதுவார். நாமே செய்த சொல் கூடாது; வழங்கிய சொல்தான் வேண்டும். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்றில் 'கண்டவர்', மற்றொன்றில் 'சரிபார்த்தவர்'. என் சீட்டை நெய்னாவும் அவர் சீட்டை நானும், மூலத்தை நேரில் பார்த்த பிறகே ஒப்பமிட வேண்டும். இரண்டு கையெழுத்து இல்லாத சீட்டு அடிகளின் மேசையில் ஏறாது.

ஒரு சீட்டு அவருக்கு ஒப்பவில்லையென்றால், தவறு என்று அடிகள் ஒருபோதும் சொன்னதில்லை. கண்ணாடியைக் கழற்றுவார், சீட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபடி படிப்பார், பிறகு ஓசையில்லாமல் மேசைமீது கவிழ்த்து வைப்பார். எழுதியவன் அதை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அந்தக் கவிழ்ப்புக்கு நாங்கள் அஞ்சியதுபோல் எந்த வசவுக்கும் அஞ்சியிருக்க மாட்டோம்.

கடலைப் பற்றிய பெயரடைகளைத் தொகுத்தபோது 'அத்ரூகெதோஸ்' என்ற சொல் வந்தது. பழைய கிரேக்கப் பெருங்காவியங்களில் அது கடலுக்கு அடைமொழி. அருகிய சில இடங்களில் வானத்துக்கும் வரும். பிற்காலக் கிரேக்கருக்கே அதன் பொருள் மறந்துபோயிற்று. கனி கொய்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது, எனவே 'அறுவடை காணாத கடல்' என்பர் ஒருசாரார். 'ஓய்தலறியாத கடல்' என்பர் வேறு சிலர். அடிகள் முதற்பொருளை ஏற்றார். "உழவன் கடலைப் பார்த்துச் சொன்ன சொல் இது. தமிழ்க் கடலுக்கு இப்படி ஓர் அடைமொழி உண்டா, பாருங்கள்" என்றார்.

இரண்டு மாதம் தேடினேன். முத்து விளைவிக்கும் கடல் கிடைத்தது, சங்கு ஈனும் கடல் கிடைத்தது, உப்பும் பவளமும் மீனும் தரும் கடல் கிடைத்தது. அறுவடையற்ற கடல் கிடைக்கவில்லை. நெய்னாவுடன் தேவிபட்டினத்துக்குப் போனேன். கரையில் பெண்கள் மீன் உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் பாய், பட்டை போட்ட அய்யா எதுக்கு மூக்கைச் சுளிக்கிறாரு?" என்றாள் ஒருத்தி.

"அவுக சொல்லு தேடி வந்திருக்காக."

"சொல்லா? அது இங்கன கெடைக்காது. நகரை இருக்கு, வாளை இருக்கு. வேணுமான்னு கேளுங்க."

விளையாத கடல், யாரும் அறுக்காத கடல் என்று பேச்சில் சொல்வதுண்டா என்று நெய்னா கேட்டார். கரையே சிரித்தது. "வெளையாமத்தேன் இம்புட்டும் காயுதாக்கும்!" என்று கூடையைச் சாய்த்துக் காட்டினாள் வேறொருத்தி. மூத்தவள் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் வெறுங்கழுத்தை அப்போதுதான் கவனித்தேன்.

"சிரிக்காதீங்கடி. அவுக கேக்கிறது சரிதேன். விதைச்சவுக யாரும் இல்லையே அய்யா, பொறகு எப்படி அறுப்புன்னு சொல்றது? போறோம், எடுத்துட்டு வாரோம். குடுக்கலைன்னா சும்மா வாரோம்." சற்று நிறுத்தி, "வராமலும் போவாக" என்றாள்.

நெய்னா அதைச் சொல்லுக்குச் சொல் பழுப்புச் சீட்டில் எழுதினார். கீழே, 'இக்கருத்து கடலோரத்தாருக்கு இயல்பானது. ஆகையால் அதற்கென ஒரு சொல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை' என்று குறித்தார். நானும் ஒப்பமிட்டேன். அடிகள் அச்சீட்டை நெடுநேரம் வெளிச்சத்தில் பிடித்திருந்தார்.

"மஞ்சள் சீட்டில், தமிழில் நேர்ச்சொல் காணப்படவில்லை என்று எழுதிவிடுங்கள் புலவரே. இல்லை என்பதும் ஒரு செய்திதான்."

"இல்லையென்று அச்சேற்றுவதா ஐயா?"

"இருந்தால் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை வரை பொறுக்கிறேன்."

அவர் கண்கள் அப்போது மங்கிக்கொண்டு வந்தன. கடற்பகுதியின் அச்சுப்படியையாவது தம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். தமிழில் இல்லை என்ற தொடரோ எனக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. என் ஈசன் பேசும் மொழியில் ஒரு சொல் குறைவதா என்று நினைத்தேன். அது பக்தி என்று அன்று நம்பினேன்.

திருவாடானைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் ஓதுவார் ஒருவரின் வீட்டுப் பூசைப் பெட்டியில் ஓர் அந்தாதி இருந்தது. அச்சேறாதது, ஏட்டுக்கு ஒரு பாட்டாக நூறு பாட்டு. இரண்டாண்டுகளுக்கு முன் அதை நான் படியெடுத்திருந்தேன். அப்போதே அறுபதாம் ஏட்டுக்கு அடுத்தது அறுபத்திரண்டாக இருந்தது. ஓதுவாருக்கு அந்தக் கட்டு தெய்வத்துக்குச் சமம்; ஓர் ஏடு குறைகிறது என்று சொன்னால் மனமுடைந்து போவாரே என்று அவரிடம் சொல்லாமல் விட்டேன். என் நோட்டில் ஒரு பக்கத்தை வெற்றாக விட்டு, பென்சிலால் 'ஏடு இல்லை' என்று மட்டும் குறித்தேன்.

அந்தாதியில் ஒரு பாட்டின் இறுதிச் சொல்லே அடுத்த பாட்டின் முதற்சொல்லாகும். அறுபதாம் பாட்டு 'கரை' என்று முடிந்தது. அறுபத்திரண்டாம் பாட்டு 'விளைவு' என்று தொடங்கியது. காணாமற்போன பாட்டு கரையில் தொடங்கி விளைவில் முடிந்திருக்க வேண்டும். கரைக்கும் விளைவுக்கும் நடுவில் கடலன்றி வேறென்ன இருந்திருக்கும்? இருந்திருக்கலாம், இருந்திருக்கலாம் என்று மூன்று நாள் முணுமுணுத்தேன். எங்கள் தொழிலில் அதைவிடக் கொடிய சொல் கிடையாது.

வியாழக்கிழமை காலை தேவிபட்டினத்துக் கடலில் இடுப்பளவு நீரில், நவக்கிரகக் கற்களின் நடுவே வழிபட நின்றேன். பாட்டு வந்தது. உழுபவனும் விதைப்பவனும் இல்லாத, அரிவாள் படாத அந்த நீர்ப்பரப்பைப் போலவே என் நெஞ்சும் கிடக்கிறது, நீயே இறங்கி அதில் விளைவாக வேண்டும் என்பது அதன் கருத்து. கடலுக்கு 'அரிபடா' என்ற அடைமொழி தானாகவே வந்து அமர்ந்தது. கண்ணீர் பெருகிற்று. அப்பாட்டு மன்றாட்டாகவே பிறந்தது. ஊருக்குத் திரும்பி, நோட்டிலிருந்த பென்சில் குறிப்பை அழித்து, அவ்விடத்தில் அதை எழுதி, மேலே அறுபத்தொன்று என்று எண்ணிட்டேனே, அப்போதுதான் அது பொய்யாயிற்று. அப்பாட்டை இங்கே எழுதமாட்டேன்.

மஞ்சள் சீட்டை நிரப்பிக் 'கண்டவர்' கோட்டில் ஒப்பமிட்டேன். நெய்னா படித்துவிட்டு என் தோளைத் தட்டினார். "அடேயப்பா! எங்கன ஒளிச்சு வச்சிருந்தீரு இதை? இந்தா, மதியமே பஸ் ஏறி நேர்ல பார்த்துட்டு வாரேன்." வேண்டாம் என்று தடுக்க எனக்கு வாயில்லை, முறை அதுதான்.

மறுநாள் தொழுகை முடிந்து வந்தவர் என்னைத் தனியே முற்றத்துக்கு அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"புலவரே, அறுபதுக்கு அடுத்து அறுபத்திரண்டுதேன் இருக்கு."

"நான் பார்த்தபோது இருந்தது நெய்னா."

"அப்படியா?"

"கட்டை அவிழ்க்கும்போது எங்கேனும் விழுந்திருக்கலாம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அல்லா அறிய, நான் அதைக் குருவி முட்டை மாதிரி எடுத்தேன். ஏடுங்கிறது அமானிதம், அடுத்தவுக நம்பி ஒப்படைச்ச பொருளு. நல்லா யோசிச்சுச் சொல்லும். நாளைக்குத்தேன் சீட்டைக் கொடுக்கணும்."

எனக்கு ஓர் இரவு முழுவதையும் அவர் கொடுத்தார். அதை நான் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை, நாங்கள் எதிர்பாராத விதமாக, ஓதுவார் ஏட்டுக்கட்டைப் பட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அறுபத்தொன்றாம் ஏடு வேறெங்கேனும் உண்டா என்று நெய்னா கேட்டுச் சென்ற பிறகுதான் அவர் வாழ்நாளில் முதன்முறையாக ஏடுகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்.

"எங்க பாட்டன் காலத்திலருந்து நூறும் இருந்துச்சு சாமி," என்றார் அடிகளிடம். "இந்தப் புலவர் அய்யா எழுதிட்டுப் போனாகள்ல, அவுக நோட்டுல அந்தப் பாட்டு இருக்குதாமே! பொறகு யாரு தொட்டா? இந்தப் பாய் ஒருத்தருதேன் தொட்டாரு. வேற மார்க்கத்துக்காரர் கையில குடுத்தது என் குத்தம். வேற யாரைச் சொல்ல?"

"ஓதுவாரே, உங்க வீட்டு அம்மா முன்னாலதேன் அவிழ்த்தேன், அவுக முன்னாலதேன் கட்டுனேன்," என்றார் நெய்னா.

அடிகள் கையுயர்த்தி இருவரையும் அமர்த்தினார். என் நோட்டை வாங்கினார். தாளை முகத்துக்கு மிக அருகே பிடித்து, அறுபதிலிருந்து அறுபத்திரண்டு வரை, கரையிலிருந்து விளைவு வரை படித்தார். பென்சிலை அழித்த தடம் அத்தாளில் இருந்தது. பழைய கண்களாக இருந்தால் அதைக் கண்டிருக்கும்.

"புலவரே, நீங்கள் படியெடுத்தபோது இந்த ஏடு இருந்ததா?"

நெய்னா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதை எளிதாக்க விரும்பினார் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

"இருந்தது ஐயா" என்றேன்.

நெய்னா என் சீட்டில் ஒப்பமிடாமல், தனிச் சீட்டொன்றில் 'ஏடு காணப்படவில்லை' என்று எழுதியிருந்தார். அடிகள் கண்ணாடியைக் கழற்றினார். அந்தச் சீட்டைச் சன்னல் பக்கம் பிடிக்கவில்லை. அப்படியே ஓசையில்லாமல் கவிழ்த்து வைத்தார்.

"திருடியதாகச் சொல்லவில்லை நெய்னா. கவனம் தவறிவிட்டது. ஏடு தவறவிட்டவரை வைத்துக்கொண்டு நான் இன்னொரு வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது. உங்களுக்கே தெரியும்."

நெய்னா பேனாவை மூடிப் பையில் செருகினார். குடையை எடுத்தார். வாசற்படியில் திரும்பி என்னிடம், "பழுப்புச் சீட்டுல மூணு பாக்கி இருக்கு. மண்டபத்துக்காரவுக சொன்னது. இழுப்பறையில வச்சிருக்கேன், பாத்துக்கங்க" என்றார்.

ஏட்டைத் தொலைத்தவர் என்ற பேச்சு எங்கள் வட்டாரத்தில் பரவ ஒரு வாரம் போதும். அதன்பின் இந்து வீடு, முஸ்லிம் வீடு என்ற வேறுபாடின்றி எவரும் அவரிடம் ஒரு சுவடியையும் அவிழ்த்துக் காட்டவில்லை. அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றே.

மஞ்சள் சீட்டில் 'சரிபார்த்தவர்' கோடு வெற்றாக இருந்தது. "என் புலவர் வாக்குக்கு நானே சாட்சி. கோடு எங்கே?" என்றார் அடிகள். அவர் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தேன். கையெழுத்து கோட்டைவிட்டு நழுவி, தாளின் விளிம்பு வரை சென்று நின்றது. அச்சுப்படி வந்த நாளில் அவருக்கு எழுத்துகள் தெரியவில்லை. நான் படித்துக் காட்டினேன். 'அரிபடா' வந்ததும் மறுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு தை அமாவாசைக்கு இராமேசுவரம் போய்க்கொண்டிருந்தேன். இலங்கைக்குப் போகிறவர்களைச் சில நாள் நிறுத்திவைக்கும் முகாம் மண்டபத்தில் இருந்தது. அங்கிருந்து ஏறிய கூட்டத்தில் நெய்னாவும் இருந்தார். இளைத்திருந்தார். என் எதிரிலேயே இடம் கிடைத்தது.

"கொழும்புல மச்சான் கடையில நிக்கப் போறேன். துணி மடிக்கத் தெரியுமான்னு கேட்டாக. ஓலை மடிக்கத் தெரியும்னேன்" என்று சிரித்தார். அடிகளின் நலத்தைக் கேட்டார். இப்போது ஒன்றும் தெரிவதில்லை, நான்தான் படித்துக் காட்டுகிறேன் என்றேன்.

வண்டி பாம்பன் பாலத்தில் ஊர்ந்தது. இருபுறமும் கடல். அவர் சன்னல் வழியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாட்டு நல்லாத்தேன் இருந்துச்சு புலவரே. பஸ்ல போறப்பவே எனக்கு மனப்பாடம்." என் பக்கம் திரும்பவில்லை. "எழுதுனவுக பேரைப் போட்டிருந்தா, நானே சந்தோசமாக் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

பாலம் முடியும்வரை எனக்கு நேரம் இருந்தது. அவர் கப்பல் துறைக்குப் போகும் அதே வண்டியில் இருக்க, நான் பாம்பனில் இராமேசுவரம் வண்டிக்கு மாறும்போதும் இருந்தது. அடிகள் அப்போது உயிரோடு இருந்தார். அடுத்த வண்டியில் நெய்னாவை அழைத்துக்கொண்டு திரும்பியிருந்தால், மாலைக்குள் அவர் முன் நின்றிருக்கலாம். நான் இறங்கினேன். இராமேசுவரம் போய்க் கடலில் மூழ்கி, தீர்த்தமெல்லாம் ஆடி, விடுதிக்குத் திரும்பினேன். எந்த நீரும் என்மேல் பட்டதாகத் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு அடிகள் காலமானார். அவர் நாற்காலியில் நான் அமர்ந்தேன். பணி ஓய்வு பெறும்வரை பிறருடைய சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தேன்.

ஓதுவார் வீட்டார் என் நோட்டைப் பார்த்து அறுபத்தொன்றாம் பாட்டைப் புதிய ஏட்டில் எழுதிக் கட்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஆடி அமாவாசைதோறும் பாடுகிறார்கள். அந்தப் பாட்டு வரும்போது கடலில் ஆளிழந்த வீட்டுப் பெண்கள் கைகூப்பி அழுகிறார்கள். மனம் பொறுக்காமல் ஒருமுறை ஓதுவாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் முதலில் திகைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலம் பூராம் சாமி பாட்டோடயே கெடந்தா அப்படித்தேன் தோணும் அய்யா. எல்லாம் நம்ம பாடுனதாவே படும். இளநி வெட்டச் சொல்றேன், குடிச்சுட்டுச் செத்த படுங்க" என்றார்.

இப்போது என்னால் எந்தப் பதிகத்தையும் முன்போல் பாட முடிவதில்லை. எந்தப் பாட்டில் நெஞ்சு இளகத் தொடங்கினாலும், இதுவும் எவனோ எண்ணிட்டுச் செருகியதோ என்று தோன்றுகிறது. எனக்கிருந்த ஒரே செல்வத்தை நானே அரித்துவிட்டேன்.

சென்ற ஆண்டு வந்த கடிதத்துக்கு இவை அனைத்தையும் விடையாக எழுதினேன். அச்சொல்லை நீக்கிவிடுங்கள், நெய்னா முகம்மது ஏடு எதையும் தொலைக்கவில்லை என்று அகராதியின் முன்னுரையில் அச்சிடுங்கள் என்று வேண்டினேன். பத்து நாளில் மறுமொழி வந்தது. மிகுந்த மரியாதையுடன் எழுதப்பட்டிருந்தது. இரண்டு ஒப்பங்களோடு பதிவான மேற்கோளை ஒருவருடைய தனிக்கூற்றைக் கொண்டு நீக்குவதற்கு நிறுவன மரபில் இடமில்லை. என் கூற்றையும் உரிய சீட்டில் எழுதி, விதிப்படி சரிபார்த்தவர் ஒப்பத்துடன் அனுப்பினால் ஆசிரியர் குழு கருதிப் பார்க்கும் என்றிருந்தது. வெற்றுச் சீட்டு ஒன்றையும் இணைத்திருந்தார்கள். அன்று அடிகள் வகுத்த அதே சீட்டு. அதே இரண்டு கோடுகள்.

முழுவதும் நிரப்பிவிட்டேன். 'கண்டவர்' கோட்டில் என் பெயரை எழுதிவிட்டேன். மற்றக் கோட்டில் ஒப்பமிடக் கூடியவர் ஒருவர்தான். அவரைக் கொழும்பில் ஒரு பள்ளிவாசலை அடுத்து அடக்கம் செய்திருப்பதாகச் சொன்னார்கள்.